ஐந்து மணி வகுப்பை மூடிய எடை இயந்திரம்

மார்ச் 4. எடை 58.2 கிலோ. ட்ரைகிளிசரைடு 212.
ஜூன் 10. எடை 58.9. ட்ரைகிளிசரைடு 165.
செப்டம்பர் 9. எடை 59.6. ட்ரைகிளிசரைடு 128.
டிசம்பர் 14. எடை 57.3. குளுக்கோஸ் ஏற்றப்பட்டது.
மறு வருடம் ஆகஸ்ட் 20. எடை 64.1. ட்ரைகிளிசரைடு 207.

இவை ஒரே குழந்தையின் அளவுகள். முதல் வரியின்போது அவளுக்குப் பதினொரு வயது. ட்ரைகிளிசரைடு என்பது இரத்தத்தில் ஓடும் கொழுப்பு. அந்த வயதுக்கு அது தொண்ணூறுக்குள் இருந்தால் நல்லது என்று குழந்தை மருத்துவர் சொன்னார். எடையை மட்டும் படிக்கிறவருக்கு இந்தப் பட்டியலில் டிசம்பர் 14 ஒன்றுதான் நல்ல நாளாகத் தெரியும். அன்றுதான் அந்தக் குழந்தை மயங்கி விழுந்தாள்.

பள்ளியின் நிர்வாகக் குழுவினர் எடையை மட்டும்தான் படித்தார்கள். படித்துவிட்டு, இருநூற்றுப் பன்னிரண்டை நூற்றிருபத்தெட்டுக்கு இறக்கிய வகுப்பை இழுத்து மூடினார்கள். அந்த வகுப்பை நடத்தியவள் என் மருமகள். இந்த வருட ஆண்டு மலரில் அதைப் பற்றி ஒரே ஒரு வரி போட்டிருக்கிறார்கள்: "உடல்நலக் காரணங்களால் மாலை வகுப்பு சில மாதங்கள் நடைபெறவில்லை." யாருடைய உடல்நலம் என்று போடவில்லை. விட்டுப்போனதை நான் எழுதுகிறேன்.

என் மருமகள் சிறுவயதில் பருமனாக இருந்தவள். விளையாட்டு வகுப்பு வந்தால் அவளுடைய ஆசிரியர் அவளை மட்டும் நிழலில் உட்கார வைத்துவிடுவார். மற்றப் பெண்கள் செருப்பையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி அவள் மடியில் போட்டுவிட்டு ஓடுவார்கள். ஐந்து வருடம் அவள் அப்படிச் செருப்புக்குக் காவல் இருந்தாள். அந்த ஆசிரியர் அதைக் கருணை என்று நினைத்திருக்கிறார். "பாவம், அவளுக்கு மூச்சு வாங்கும்" என்பாராம். மூச்சு வாங்கவேண்டிய பிள்ளைக்கு அதை வாங்கவே விடாமல் செய்துவிட்டு, பாவம் என்றும் சொல்வது என்ன நியாயமோ தெரியவில்லை.

பதினாறாவது வயதில் அவளாகவே ஓட ஆரம்பித்தாள். விடியற்காலையில், யாரும் பார்க்காத நேரத்தில், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி. உடம்பு பெரிதாக இளைக்கவில்லை. ஆனால் மூன்று மாடி ஏறினாலும் பேச்சு தடைபடாத நிலைக்கு வந்தாள். பிறகு உடற்கல்வி படித்தாள். என் மகனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது தோளில் ஒரு ஸ்கிப்பிங் கயிறும் பையில் ஒரு விசிலும் கொண்டுவந்தாள். விசிலை ஊதி நான் கேட்டதில்லை. கயிறு மட்டும் தோளை விட்டு இறங்கியதில்லை. பள்ளியில் அவளுக்குக் கயிறு மிஸ் என்று பெயர்.

என் மகன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். "ஊரையே படி ஏறாம பாத்துக்கறது என் பொழப்பு, ஏற வைக்கறது இவ பொழப்பு. ஒரே வீட்டுல ரெண்டு கட்சிப்பா," என்பான். அவளும் விடமாட்டாள். "உன் லிஃப்ட் நின்னுபோன அன்னிக்கு எல்லாரும் என் கட்சிக்குத்தான் வரணும்," என்பாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், பள்ளியின் மைதானத்தை நிர்வாகக் குழு வாகனம் நிறுத்தும் இடமாக வாடகைக்கு விட்டது. முன்பு கோல் கம்பம் நின்ற இடத்தில் இப்போது சீட்டுக் கிழிக்கும் கூண்டு நிற்கிறது. மைதானத்தைக் காருக்குக் கொடுத்தவர்களே பிற்பாடு, "இந்தக் காலத்துப் பசங்க ஏன் இப்படிக் கொழுத்துப்போறாங்க?" என்று கூட்டம் போட்டுக் கேட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் காரை அந்த மைதானத்தில்தான் நிறுத்தினார்கள்.

மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் இருந்த மருத்துவர், பேச்சில் பட்டுப்பட்டென்று வெட்டுகிற அம்மாள், ஒருநாள் என் மருமகளைத் தேடி வந்தார். அந்தப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள் சிலருக்கு இரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறது, இன்சுலின் தாறுமாறாக இருக்கிறது, இரண்டு பேருக்குக் கல்லீரலிலும் கொழுப்பு படிந்திருக்கிறது, மாத்திரை எழுத எனக்குக் கை வரவில்லை, வாரத்துக்கு நான்கு நாள் இவர்களை ஓடவிட முடியுமா என்று கேட்டார். இவள் முடியும் என்றாள். எங்கே என்று கேட்டார். இவள் நடைக்கூடத்தைக் காட்டினாள்.

அப்படித் தொடங்கியதுதான் ஐந்து மணி வகுப்பு. இரண்டாம் மாடியின் நீண்ட நடைக்கூடம், அதன் இரண்டு பக்கமும் மாடிப்படி, நடுவில் பழைய பெஞ்சுகள் அடுக்கிய ஒரு மூலை. பன்னிரண்டு பிள்ளைகள். மற்ற மாணவர்கள் அதற்குக் குண்டு வகுப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். என் மருமகள் அந்தச் சொல்லை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். உள்ளே வந்தால் யாரும் யார் உடம்பைப் பற்றியும் பேசக்கூடாது. எடை பார்க்கும் இயந்திரமும் கூடாது. "நாங்க ஓட வந்திருக்கோம், நிறுவைக்கு வரல," என்று சொல்லிவிட்டாள்.

எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. கயிறு தாண்டும்போதோ படி ஏறும்போதோ பிள்ளை தன் வீட்டு முகவரியை உரக்கச் சொல்ல வேண்டும். ஒரே மூச்சில் முழுவதும் சொல்லிவிட்டால் வேகம் போதாது. கதவு எண்ணையே சொல்ல முடியாமல் திணறினால் வேகம் அதிகம். தெருப்பெயரில் ஒருமுறை மூச்சு எடுத்தால் சரியான வேகம். நான்கு நிமிடம் அப்படி, பிறகு மூன்று நிமிடம் சும்மா நடை, மறுபடி நான்கு நிமிடம். வீடு மாறிக்கொண்டே இருந்த ஒரு பையனுக்கு முகவரியே தெரியாது. அவன், "பழைய டயர் கடைக்கு எதிர்ல, டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல, கேட்டா யாரும் சொல்லுவாங்க," என்று கத்திக்கொண்டே ஏறுவான். நடைக்கூடம் முழுக்க முகவரிகளாகக் கேட்கும். கீழே வண்டிச் சீட்டுக் கிழிக்கிறவருக்குப் பன்னிரண்டு வீட்டின் விலாசமும் மனப்பாடம்.

பட்டியலில் உள்ள குழந்தை ஒரு தையற்காரியின் மகள். அம்மாவும் மகளும் மட்டும்தான் வீட்டில். வகுப்பறையில் அவளை லாரி என்று கூப்பிடுவார்கள். படியில் இறங்கினால், "லாரி வருது, ஒதுங்கு" என்று சுவரோடு ஒட்டி நின்று காட்டுவார்கள். என் மருமகள் முதல் நாளே அவளிடம், உன்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டாள். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "லாரின்னே இருக்கட்டும் மிஸ். லாரிக்குத்தான் எல்லாரும் வழி விடுவாங்க." அதற்குப்பிறகு படியில் திருப்பம் வந்தால் அவளே ஹாரன் அடித்துக்கொண்டு ஓடுவாள்.

மூன்று மாதத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் மறுபடி எடுத்தார்கள். விவரம் மேலே இருக்கிறது. எடை ஏறக்குறைய அப்படியே இருந்தது, கொஞ்சம் கூடியும் இருந்தது. தையற்காரி ஒரு மாலை எங்கள் வீட்டுக்கே வந்து, நான் ஏதோ தப்பாகச் சமைக்கிறேனோ, பிள்ளை இளைக்கவில்லையே என்று அழுதார். அவருக்கு விளங்கவைக்க மருத்துவருக்கு அரை மணி நேரம் பிடித்தது. பிள்ளை மூன்று சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறாள், தசை கூடியிருக்கிறது, இடுப்புச் சுற்றளவு குறைந்திருக்கிறது, இன்சுலின் இருபத்தேழிலிருந்து பதினாறுக்கு வந்திருக்கிறது, உடம்பு உள்ளே சரியாகிக்கொண்டு வருகிறது, வெளியே தெரியக் காலம் ஆகும், தெரியாமலே போனாலும் நஷ்டமில்லை என்றார். தையற்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டைக்குள்ளே தையலைப் பிரித்துவிட்ட மாதிரி, வெளியே தெரியாது, போட்டுக்கொண்டவருக்குத் தெரியும் என்று தானே சொல்லி முடித்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

விளங்காதவர் நிர்வாகக் குழுவின் செயலாளர். இரும்பு பீரோ விற்கும் கடைக்காரர். நல்லது செய்ய வேண்டும் என்ற ஆசை உள்ளவர்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் செய்கிற நல்லது பத்துப் பேர் கண்ணில் பட வேண்டும் அவருக்கு. அக்டோபரில், மறைந்த தம் தகப்பனார் நினைவாக ஒரு பெரிய எடை இயந்திரத்தை வகுப்புக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். ஆள் ஏறி நிற்கும் மேடை, எதிரே சிவப்பு எண்கள் எரியும் பலகை, அதற்கு மேல் தகப்பனார் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. இரண்டு மாதத்தில் அதிகமாக எடை குறைக்கும் பிள்ளைக்கு ஆண்டு விழா மேடையில் சைக்கிள் பரிசு என்றும் அறிவித்தார்.

இயந்திரம் வந்த அன்று காலைக் கூட்டத்தில் பன்னிரண்டு பிள்ளைகளையும் ஏற்றி, எண்களை ஒலிபெருக்கியில் படித்தார்கள். எழுநூறு பேர் கேட்டார்கள். லாரிக்கு வந்த எண்ணுக்குச் சிரிப்பு எழுந்தது. அந்த எண்ணை என் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. ஷூவோடும் புத்தகப் பையோடும் நிறுத்த எடை அது. அளவு எடுக்கிறோம் என்கிறவர்களுக்குப் பையை இறக்கத் தோன்றவில்லை. மழையளவு அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான். வாளியோடு சேர்த்துத் தண்ணீரை நிறுத்துவிட்டு மழை அதிகம் என்று நாங்கள் எழுதியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

என் மருமகள் செயலாளரைப் பார்த்து, இது பிள்ளைகளுக்கு ஆகாது, பரிசும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். அவர் சிரித்தார்.

"நீங்களே ஒரு சுத்து பெருத்துத்தான் இருக்கீங்க, டீச்சர். அதான் எடை மெஷினக் கண்டா ஆகல போல."

"ஆமா சார், பெருத்துத்தான் இருக்கேன்," என்றிருக்கிறாள் இவள். "வாங்க, நாலு மாடி ஏறலாம். யாருக்கு முதல்ல பேச்சு நிக்குதுன்னு பாப்போம்."

அவர் ஏறவில்லை. இயந்திரமும் நடைக்கூடத்தை விட்டு நகரவில்லை. தகப்பனார் பெயர் போட்ட பொருளை அறைக்குள் தூக்கிவைக்கப் பள்ளியில் யாருக்கும் தைரியம் வரவில்லை. அதனால் அவள் ஒரு காரியம் செய்தாள். ஐந்து மணிக்கு வகுப்பு தொடங்கும்போது பழைய ஜன்னல் திரை ஒன்றை அதன்மேல் போர்த்திவிடுவாள். ஆறு மணிக்கு எடுத்து மடித்துவைப்பாள். நவம்பரில் செயலாளர் ஒருநாள் சொல்லாமல் வந்து, திரை போர்த்தியிருந்ததைப் பார்த்துவிட்டார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "எங்கப்பா பேர மூடி வெச்சிருக்கீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப்போனார். அன்றிலிருந்து விஷயம் பிள்ளைகளைப் பற்றியதாக இல்லை. பித்தளைத் தகட்டைப் பற்றியதாக ஆகிவிட்டது.

டிசம்பர் 14 ஆண்டு விழா. மேடையில் இயந்திரம், பக்கத்தில் ரிப்பன் கட்டிய சைக்கிள். ஒவ்வொரு பிள்ளையாக ஏறினார்கள், ஒவ்வொரு எண்ணாகப் படித்தார்கள். லாரி ஏறியதும் செயலாளரே ஒலிபெருக்கியை வாங்கி, "ஆறரைக் கிலோ குறைச்சிருக்கு நம்ம பொண்ணு," என்றார். அதில் பாதிக்கு மேல் அக்டோபரில் இறக்காத பையும் ஷூவும். கைதட்டினார்கள். தட்டல் ஓய்வதற்குள் அவள் பக்கவாட்டில் சாய்ந்து, சைக்கிளையும் இழுத்துக்கொண்டு விழுந்தாள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த என் மருமகள் மேடை ஏறியதை நான் பார்த்தேன். படி வழியாக ஏறவில்லை.

மூன்று நாள் அந்தக் குழந்தை சாப்பிடவில்லை. வீட்டில் பள்ளியில் சாப்பிட்டேன் என்றும், பள்ளியில் வீட்டில் சாப்பிட்டேன் என்றும் சொல்லியிருக்கிறாள். கடைசி நாள் தண்ணீரும் குடிக்கவில்லை. மருத்துவமனையில் கையில் ஊசியோடு படுத்திருந்தவளிடம் என் மருமகள், சைக்கிள் அவ்வளவு பிடிச்சிருந்ததா கண்ணு என்று கேட்டாள்.

"சைக்கிளுக்கு இல்ல மிஸ். மைக்ல சொல்லுவாங்களே, அதுக்கு."

ஐந்து நாள் கழித்துக் குழு கூடியது. மைதானத்தைப் பார்த்த அறை, நீள மேசை, ஏழு பேர். மருத்துவரும் தையற்காரியும் வந்திருந்தார்கள். நான் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பரிசைப் பற்றியோ ஒலிபெருக்கியைப் பற்றியோ ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏற்கெனவே தட்டச்சு செய்த ஒரு தாளை என் மருமகள் முன்னால் தள்ளினார்கள். அளவுக்கு மீறிய பயிற்சியால் மாணவி மயங்கி விழுந்தார், இனி இவ்வாறு நேராது என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் வகுப்பு தொடரலாம், வாரம் ஒருநாள், எடை இயந்திரத்தோடு.

செயலாளர் அத்தோடு விடவில்லை. வகுப்பே வீண் என்று நிரூபிக்கப் பார்த்தார். பத்து மாதம் ஓடியும் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேருக்கு எடை ஏறித்தான் இருக்கிறது என்று படித்துக் காட்டினார். மருத்துவர் இரத்த அறிக்கைகளை மேசையில் வைத்தார். அவற்றை யாரும் தம் பக்கம் இழுக்கவில்லை.

"வளர்ற பசங்க சார் இவங்க," என்றார் மருத்துவர். "உயரமும்தான் ஏறியிருக்கு. அதையும் குத்தப் பட்டியல்ல சேத்துக்கங்க."

"ரத்தத்துல இருக்கறது யாருக்குத் தெரியுது டாக்டர்? எடைன்னா எல்லாருக்கும் தெரியுது."

"எல்லாருக்கும் தெரியறதுக்காக எம் பொண்ணு வளரல," என்றார் தையற்காரி.

என் மருமகள் தாளை இரண்டு முறை படித்தாள். பேனாவை மூடி, தாளின் மேலேயே வைத்தாள். "ஓடினதால விழுந்தான்னு நான் எழுதிக் குடுத்தா, நாளைக்கு ஒரு அம்மாவும் பிள்ளைய ஓட விடமாட்டாங்க சார். திரும்பவும் எல்லாத்தையும் நிழல்ல உக்கார வெச்சிடுவாங்க. நான் போட மாட்டேன்," என்றாள். ஏழு பேரில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். குனிந்ததோடு சரி.

ஜனவரி முதல் வாரம் வகுப்பு மூடப்பட்டது. அதே வாரத்தில் ஓர் ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தையற்காரியின் வாசலுக்கு வந்தான். கூடவே, எங்களுக்குப் புகார் ஏதும் இல்லை என்ற தாள். தையற்காரி இரண்டையும் திருப்பி அனுப்பினார். "சைக்கிள் வேணாம்னு சொல்லுப்பா. அஞ்சு மணி வேணும்னு சொல்லு."

என் மருமகள் எங்கள் கட்டடத்து மொட்டை மாடியில் நடத்திப் பார்த்தாள். மூன்று ஞாயிறு நடந்தது. நான்காவது ஞாயிறு மாடிக் கதவில் பூட்டுத் தொங்கியது. தலைக்கு மேல் குதிக்கிறார்கள் என்று கீழ்வீட்டுக்காரர் சங்கத்தில் சொல்லிவிட்டார். பொழுதெல்லாம் தொலைக்காட்சியை அலறவிடுகிற மனிதர். கார்களை ஒரு நாளைக்கு வெளியேற்றி நடத்திய பிப்ரவரி விளையாட்டு நாளில், ஓடுகிற பிள்ளைகளின் செருப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பள்ளியில் அவளுக்குக் கொடுத்தார்கள். அவள் கதை தெரிந்து கொடுத்தார்களா, தெரியாமலா, நான் அறியேன். வீட்டுக்கு வந்து, "மறுபடியும் செருப்புதான் மாமா," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். என் மகன் சிரிக்கவில்லை. அன்று அவன் சாப்பிடாமல் எழுந்து போனான்.

கல்வி அலுவலகத்துக்கு அவளும் மருத்துவரும் தையற்காரியும் சேர்ந்து எழுதினார்கள். பிப்ரவரியில் வந்த பதில், மனு கிடைத்தது என்றது. மே மாதம் வந்த பதில், பள்ளியிடம் விளக்கம் கேட்டிருக்கிறோம் என்றது. விளக்கம் கேட்கிற காலமெல்லாம் பிள்ளைகள் உட்கார்ந்துதான் இருந்தார்கள். லாரி படியில் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டாள். விடுமுறை முடிந்து வந்தபோது இரண்டாம் மாடிக்குப் போவதற்குள் இரண்டு முறை நின்றாள் என்று என் மருமகள் சொன்னாள். ஆகஸ்ட் 20 அன்று மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். "இது ஒரு தடவ போட்டா போதும்கறதுக்குத் தடுப்பூசி இல்லம்மா," என்றார். "நிறுத்தினா திரும்பிடும். திரும்பிடுச்சு." அறிக்கையில் 207 என்று இருந்தது.

ஆறு மாதம் ஓடி அந்தக் குழந்தை சம்பாதித்ததை எட்டு மாதம் உட்காரவைத்துப் பிடுங்கிக்கொண்டார்கள். வேறு ஏதாவது பறிபோயிருந்தால் போலீஸில் எழுதிக் கொடுக்கலாம். இதற்கு எங்கே போய் எழுதிக் கொடுப்பது?

கடைசியாகப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஐந்து மணி வகுப்பைச் செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து, வாரம் நான்கு நாள், மீண்டும் நடத்தலாம். மாணவர்களின் எடையைப் பொது இடத்தில் பார்ப்பதோ படிப்பதோ கூடாது என்று "குழு தன் சொந்த யோசனையின்பேரில்" முடிவு செய்திருக்கிறது. எடை இயந்திரம் அலுவலக அறைக்கு மாற்றப்படுகிறது. கல்வி அலுவலகம் உத்தரவு போட்டதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை; அதை மருத்துவர்தான் பிறகு விசாரித்துச் சொன்னார். டிசம்பர் 14 பற்றி இல்லை. அந்தக் குழந்தையைப் பற்றி இல்லை. வருத்தம் என்ற சொல் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று நான் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். வெறும் தாள்.

"விடுங்க மாமா, நடைக்கூடம் கெடச்சிடுச்சு," என்றாள் என் மருமகள். ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தையற்காரி வீட்டுக்குச் சொல்லக் கிளம்பினாள். அவளால் விட முடிகிறது. 207 என்ற எண்ணை எழுதிவைத்திருக்கும் என்னால் முடியவில்லை.

கடிதத்தில் ஆகஸ்ட் 3 என்று தேதி போட்டிருந்தார்கள். அவள் தினமும் போய்வருகிற பள்ளியிலிருந்து எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது ஆகஸ்ட் 27.